காணிக்கை மாதாவும் என் ஏசி அறையும்

ஜூன் 11, புதன்

நெத்திலி ஒரே வெயிலில் காய்ந்துவிட்டது. உப்பு லாரி வந்தது. சின்னக்கோயில் கூட்டம் நடந்தது. இவ்வளவும் எழுதிவிட்டு மூடி வைக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை நிற்கவில்லை.

காணிக்கை மாதாவின் சின்னக்கோயிலைப் பூட்டி வேலை பார்க்கப் போகிறார்கள். எங்கள் புன்னைத்தாழையில் கோபுரம் வைத்த பெரிய கோயில் தனியாக இருக்கிறது. ஆனால் கடலுக்குப் போகிறவர்கள் சிலுவை போட்டுவிட்டுப் போவது கரையோரத்துச் சின்னக்கோயிலில்தான். முப்பது பேர் முழங்காலிட்டால் நிறைந்துவிடும். கடலில் எடுத்த கல்லையும் சுண்ணாம்பையும் வைத்து எந்தக் காலத்திலோ கட்டியது. இப்போது கை வைத்தால் சுவர் புட்டு மாதிரி உதிர்கிறது. பழைய கட்டடங்களைச் சரிசெய்வதையே தொழிலாக வைத்திருக்கும் தமயந்தி என்ற என்ஜினியர் பிள்ளையைப் புதுச்சேரியிலிருந்து வரவழைத்திருக்கிறார்கள். பிப்ரவரித் திருவிழாவுக்குள் முடித்துத் தருகிறேன் என்கிறாள்.

அதுவரை மாதா சுரூபம் எங்கே இருப்பது? பெரிய கோயிலில் வைக்கலாம் என்றார் இன்னாசி சாமியார். மாதா கரையை விட்டு ஏறக்கூடாது என்று படகுக்காரர்கள் ஒரே பிடியாக நின்றார்கள். அப்படியானால் கரையோரத்தில் ஒரு வீடு. எந்த வீட்டில் மாதா இருக்கிறாளோ அந்த வீட்டு வாசலிலிருந்துதான் திருவிழா அன்று சப்பரம் புறப்படும். ஊர் முழுக்க அந்த வாசலில் வந்து நிற்கும்.

கரையில் பெரிய வீடு என்னுடையது. தலையில் கூடை சுமந்து, சந்தை சந்தையாக உட்கார்ந்து கட்டிய வீடு. கீழே தெற்கு அறையைப் போன வாரமே காலி செய்து வெள்ளையடித்து வைத்திருந்தேன். யாராவது கேட்கட்டும் என்று சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்போது பவுலினாள், அவள் மாமியார் காலத்திலிருந்து என்னிடம் சாளைக் கருவாடு வாங்குகிறவள், எழுந்து சொல்கிறாள்: "மாதாவக் கொண்டுபோயி கருவாட்டு வாடையிலயா வைக்கது?"

சிரித்தார்கள். அதை அடக்க எழுந்தவள் யார் தெரியுமா? அமலோற்பவம் அக்கா. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. "நாம எல்லாரும் அதைத் தின்னு வளந்தவங்கதான. அதுல என்ன வாடை?" என்றாள். எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்த மாத்திரத்தில் முடிவாகிவிட்டது. மாதா அமலோற்பவம் வீட்டுக்கு.

பவுலினாளைக்கூட மன்னித்துவிடலாம்.

ஜூன் 15, ஞாயிறு

மாதாவைக் கொண்டுபோனார்கள். மூன்று அடி மரச்சுரூபம்தான், நான்கு ஆண்கள் தோள் கொடுத்தார்கள். அமலோற்பவம் முன்னால் சேலைப்பெட்டியைச் சுமந்து நடந்தாள். மாதாவுக்குச் சேலை மாற்றுகிற உரிமை எங்கள் மாமியார் வீட்டுக்கு வழிவழியாக உண்டு. மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வந்தவள் நான், மருந்து வாங்கியவள் நான், படுக்கைப்புண்ணுக்குப் பவுடர் போட்டவள் நான். கண்ணை மூடுவதற்கு முன்னால் பெட்டிச் சாவியை அவள் கையில் வைத்து மூடினாள் கிழவி. மூத்த மருமகளாம்.

அவள் வீட்டில் ஒரு மின்விசிறி. அதுவும் ஆடும். ஓட்டுக்கு நடுவில் வானம் தெரியும்.

என் வீட்டுக்காரர் தொபியாஸ் நேற்றே போய் அந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். ஏணியை என்னிடம்தான் கேட்டு வாங்கினார்.

ஜூன் 28, சனி

தொபியாஸ் இன்றும் சாப்பிட வரவில்லை. செபமாலை முடிந்து மைனி அமலோற்பவம் வீட்டில் சுண்டல் கொடுத்தார்களாம்.

ஜூலை 9, புதன்

கோயில் வேலையைப் பார்க்கப் போனேன். அந்த வேலைக்கு நன்கொடை கொடுத்தவளுக்குப் பார்க்க உரிமை இல்லையா?

சுவரிலிருந்து சிமெண்டுப் பூச்சை உளியால் கொத்தி எடுக்கிறார்கள். எங்கள் அப்பா காலத்தில் ஊர்கூடி, கெட்டியாக இருக்கட்டும் என்று பூசியது. கெட்டியாகத்தான் இருக்கிறது. அதற்குள்ளே கல்தான் மாவாகிக் கிடக்கிறது. தமயந்தி ஒரு துண்டைக் கையில் கொடுத்துக் காட்டினாள். தரையிலிருந்து ஏறுகிற உப்புத் தண்ணீர் முன்பெல்லாம் சுண்ணாம்பு வழியாக வெளியேறி ஆவியாகிவிடுமாம். சிமெண்டு போட்டதும் வழியில்லாமல் உள்ளேயே உட்கார்ந்து கல்லைத் தின்றுவிட்டதாம். "இந்தச் சுவர் மூச்சு விடணும்மா" என்றாள். படித்த பிள்ளைகள் இப்படித்தான் எதற்கும் உயிர் வைத்துப் பேசும்.

ஆனால் அவள் சொன்ன மற்ற விஷயங்கள் கேட்க நன்றாக இருந்தன. மாதா நிற்கிற உள்ளறைதான் முதலில் கட்டியது, நானூற்றைம்பது வருஷத்துக்குக் குறையாது. முன்கூடம் பிறகு ஒட்டவைத்தது. உள்ளறைக்கு அடியில் கிடக்கும் பெரிய கற்கள் அதற்கும் முந்தியவை, வேறு ஏதோ கட்டடத்தில் இருந்து இங்கே வந்தவை. முதலில் ஓலைக் கூரை, பிறகு ஓடு, பிறகு நம் ஆட்கள் போட்ட காங்கிரீட். உளி பட்ட இடத்தில் நீலம் தெரிந்தது, நீலத்துக்கு அடியில் காவி, காவிக்கு அடியில் வெறும் சுண்ணாம்பு வெள்ளை. பழைய வெள்ளையில் யாரோ விரலால் ஒரு பாய்மரக் கப்பல் கீறியிருக்கிறான். ஈரம் காய்வதற்குள் கீறியது. கொத்தனாராக இருப்பான், அல்லது கடலுக்குப் போனவனுக்காகக் காத்திருந்த எவளாவது.

தரைக்கு நானே கிரானைட் போட்டுத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். அமலோற்பவம் கொண்டுவந்த மோரை மட்டும் வாங்கிக் குடித்தாள்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடிக்காற்று. கருவாட்டுக் களத்தில் பாயைக் கல் வைத்து அமுக்க வேண்டியிருக்கிறது. காலையில் அமலோற்பவம் வீட்டு ஓடு ஏழெட்டு பறந்துவிட்டது. மாதாவின் தலையில் மணல்.

நான் எதற்கு மறைக்க வேண்டும், சந்தோஷமாக இருந்தது. காற்றை நான் கூப்பிடவில்லை. ஆனால் வந்த காற்றைச் சும்மா விடுவதும் வியாபாரம் இல்லை. பூசை முடிந்த கையோடு இன்னாசி சாமியாரை அழைத்துப் போய் ஓட்டின் ஓட்டையைக் காட்டினேன். அவள் வீட்டில் நின்று ஒரு குறையும் சொல்லவில்லை. "ஒரு ஓடு மாதா மேல விழுந்தா ஊருக்கு என்ன பதில் சொல்லுவீங்க சாமி?" என்று மட்டும் கேட்டேன்.

அமலோற்பவம் மாதாவின் தலைமுடியிலிருந்து மணலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம். பேசியிருந்தால் எனக்கும் சொல்ல ஏதாவது இருந்திருக்கும்.

ஜூலை 26, சனி

மாதா என் வீட்டில்.

புது ஏசி மாட்டியிருக்கிறேன். ஜன்னல் சந்துகளில் ரப்பர் ஒட்டி அடைத்தாயிற்று. சாம்பிராணி மூன்று வேளை. களத்திலிருந்து ஓர் ஈ, ஒரு துளி வாடை உள்ளே வராது. வந்து முகர்ந்து பார்க்கட்டும் பவுலினாள். கதவைத் திறந்தால் உள்ளே ஜிலுஜிலு என்று பட்டணத்து நகைக்கடை மாதிரி இருக்கிறது. சாயங்காலம் செபமாலைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

பவுலினாளும் எழுந்திருக்கவில்லை.

ஆகஸ்டு 2, சனி

உரிமை உரிமைதானே. சனிக்கிழமை தவறாமல் அமலோற்பவம் சேலை மாற்ற வருவாள். என் அறையில், என் விளக்கில், என்னையே வெளியே நிற்கச் சொல்லிவிட்டு மாதாவுக்குச் சேலை கட்டுவாள். ஆணோ பெண்ணோ யாரும் பார்க்கக் கூடாது, பெட்டிச் சாவி உள்ளவள் மட்டும்தான். இதுவும் வழக்கம்.

போகும்போது மாதாவின் காலடியில் ஒரு செம்பு தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள். எதற்கு என்றேன். "சும்மா, ஒரு குளிர்ச்சிக்கு" என்றாள். ஏசி அறையில் குளிர்ச்சிக்குச் செம்பாம். என் வீட்டில் ஒரு குறை காட்டியாக வேண்டும், அவ்வளவுதான். அவள் தெருவைத் தாண்டியதும் எடுத்துக் கொட்டினேன்.

ஆகஸ்டு 15, வெள்ளி

பரலோக மாதா திருநாள். பக்கத்து ஊர்க்காரர்கள்கூட என் வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் செருப்பு கொள்ளவில்லை. தொபியாஸ் எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் என் வீட்டை "நம்ம வீடு" என்று நாலு பேர் முன்னால் சொல்லி இன்றுதான் கேட்டேன்.

பிப்ரவரியில் இந்த வாசலில் சப்பரம் எப்படி நிற்கும் என்று பார்த்து வைத்தேன். கொய்யா மரத்தின் ஒரு கிளையை வெட்ட வேண்டும்.

செப்டம்பர் 6, சனி

கோயிலில் எல்லாரும் கூடி நிற்கிறார்கள் என்று நானும் போனேன். உள்ளறையில் மாதா நிற்கிற மாடத்துக்குப் பின்சுவரில் ஒரு சாளரம் வெளிப்பட்டிருக்கிறது. கையகலம்தான் இருக்கும், நேரே கடலைப் பார்க்கிறது. செங்கல் வைத்து அடைத்து, மேலே சிமெண்டு பூசி, எங்கள் தலைமுறைக்கே தெரியாமல் போயிருக்கிறது. அடைப்பை எடுத்ததும் உள்ளறைக்குள் காற்று விசுவிசு என்று வந்தது. மாதா நிற்கிற இடத்தில் நின்றால் பிடரியில் படுகிறது.

தமயந்திக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டியவர்கள் சும்மா வைக்கவில்லை, சுவரும் சுரூபமும் ஒரே சீராக இருக்கத்தான் வைத்திருக்கிறார்கள் என்றாள். இதை இனி யாரும் அடைக்கக் கூடாது என்று சாமியாரிடம் உறுதி வாங்கினாள்.

அமலோற்பவம் அந்தச் சாளரத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். என்னை எதற்குப் பார்க்க வேண்டும்?

செப்டம்பர் 13, சனி

சுண்ணாம்பு அரைக்கக் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்திருக்கிறார்கள். தெரு முழுக்கப் புளித்த வாடை. அதை யாரும் வாடை என்று சொல்வதில்லை.

அமலோற்பவம் இன்று சேலை மாற்ற வழக்கத்தைவிட நேரம் எடுத்தாள். வெளியே வந்தபோது முகம் சரியில்லை. மாதாவின் முக்காட்டைக் காதுக்கு முன்னால் இழுத்துவிட்டிருந்தாள். புது மாதிரி போலிருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை, மாதாவின் கன்னம் மறைகிறது.

"எஸ்கலினு, இந்த ஏசியக் கொஞ்ச நாளைக்கு அமத்தி வச்சா என்ன?" என்று கேட்டாள்.

"கரண்டு பில்லு நான்தான கட்டுதேன்" என்றேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். பொறாமை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று இன்றைக்கு நேரில் பார்த்தேன்.

செப்டம்பர் 27, சனி

முக்காடு இப்போது கழுத்து வரை வந்துவிட்டது. இடையில் புதன்கிழமையும் வந்தாள், மாலை சரிந்திருக்கிறது என்று ஒரு சாக்கு. மாலை சரியவில்லை, நான் பார்த்தேன். அவள் வீடு இருட்டிக் கிடக்கிறது, என் வீட்டில் கூட்டம். தாங்கவில்லை, வருகிறாள். வரட்டும்.

அக்டோபர் 5, ஞாயிறு

"மைனி உங்கிட்ட என்னமோ சொல்லணும்ங்காவ. ஒருநாள் நீயா போயிக் கேளேன்" என்றார் தொபியாஸ்.

சொல்ல வேண்டியவர்களுக்கு என் வீட்டு வாசல் தெரியும் என்றேன். வாளைக் கருவாடு கேரளாவுக்கு ஏற்றியாயிற்று.

அக்டோபர் 9, வியாழன்

மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். தெற்கு அறையில் டப் என்று ஒரு சத்தம். விளக்குத்தண்டு விழுந்துவிட்டது என்று நினைத்து ஓடினேன். விளக்கு நின்றது. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. தரையில் மட்டும் ஒரு சிவப்புத் துணுக்கு, நகத்தளவு. பெயிண்டு. மாதாவின் உடுப்புச் சிவப்பு.

சாவி இல்லாதவள் தொடக் கூடாது. தொட்டேன். முக்காட்டைத் தூக்கினேன்.

இடது காதுக்குக் கீழே தொடங்கி, கழுத்து வழியாக, நெஞ்சு வரை மரம் பிளந்திருக்கிறது. என் விரல் நுனி உள்ளே போகும்.

எனக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நான் கருவாட்டுக்காரி. ஈரமாக வந்த சுறாவை முதல் நாளே மொட்டை வெயிலில் போட்டால் மேல்தோல் முந்திக் காய்ந்து இழுத்துப்பிடிக்கும், உள்சதை பிந்தும், நடுவில் டப் என்று வெடிக்கும். அதனால்தான் களத்துப் பெண்களிடம் நிழலில் ஆறப்போடு, பொழுதுக்கொரு தரம் திருப்பு என்று தொண்டை வற்றக் கத்துகிறேன். நானூறு வருஷம் கடல் காற்றில் நின்றவளை ரப்பர் வைத்து அடைத்த அறையில் ராவும் பகலும் காயப் போட்டிருக்கிறேன்.

ஏசியை அணைத்தேன். முக்காட்டை இருந்தபடியே இழுத்துவிட்டேன். அப்போதுதான் அது ஏன் கழுத்து வரை வந்திருக்கிறது என்று தெரிந்தது.

அக்டோபர் 10, வெள்ளி

தச்சன் சவரிமுத்துவைக் கூப்பிட்டுப் பிளவில் மரத்தூளும் பசையும் குழைத்த மக்கு வைத்து அடைத்து, மேலே சிவப்புப் பூசிவிட்டால் ஒரு நாள் வேலை. அவன் வாய் திறக்க மாட்டான். பிப்ரவரி வரை மாதா இங்கேயே இருப்பாள், இங்கிருந்தே சப்பரம் புறப்படும். காலை முழுக்க இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் அவன் எண்ணையும் எடுத்துவிட்டேன்.

எதற்கும் கேட்டு வைப்போம் என்று தமயந்தியிடம் போனேன். வீட்டில் ஒரு பழைய தேக்குப் பீரோ, ஏசி அறையில் வெடித்துவிட்டது, மக்கு வைக்கலாமா என்றேன்.

"வைக்காதீங்கம்மா. மழைக்காலத்துல மரம் திரும்ப ஈரம் வாங்கி உப்பும். பிளவை அடைச்சு வச்சா மூட இடம் இல்லாம வேற பக்கம் வெடிக்கும். ஏசியை நிறுத்திட்டு, முதல்ல ஜன்னலைக் கொஞ்சம் கொஞ்சமா திறந்து விடுங்க. அப்புறம் பழையபடி நல்லா காத்து வர்ற இடத்துல வச்சிருங்க. அவசரப்படாம இருந்தா தானாவே ஓரளவு கூடிக்கும்."

"என் வீட்டுலயே ஜன்னலத் தெறந்து வச்சா போதாதா?"

"காங்கிரீட் வீடு பகல்ல வேகும், ராத்திரி வேர்க்கும். சுண்ணாம்புச் சுவரும் ஓடும் இருக்கிற வீடுதான் ஒரே சீரா இருக்கும். பீரோ அவ்வளவு முக்கியம்னா, உங்க ஓரகத்தி வீட்டுல வைங்க" என்றாள்.

பீரோவைத்தான் சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அக்டோபர் 11, சனி

அமலோற்பவம் பெட்டியோடு வந்தாள். நான் வெளியே போகவில்லை. முக்காட்டை எடுத்து மடித்து வைத்திருந்தேன். பிளவு அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. அவள் அதிர்ச்சி அடையவில்லை.

"எப்ப பாத்தீங்கக்கா?"

"போன மாசம். அப்ப தலமுடி கனத்துக்குத்தான் இருந்திச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பியா? மாதாவத் திருப்பிக் கொண்டுபோவ மூத்தவ கதை கட்டுதான்னுதான சொல்லியிருப்ப. ஏசிய அமத்துன்னதுக்கே கரண்டு பில்லச் சொன்னவ நீ."

உண்மை. அதனால்தான் இன்னும் எரிந்தது.

"பெறவு எதுக்கு முக்காட்ட இழுத்து மூடுனீங்க?"

"வாறவங்க பாத்தா உன்னயத்தான பேசுவாங்க ஏளா."

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போது ஒரு யோசனை சொன்னாள். திருவிழாவுக்கு முன்னால் சேலைப்பெட்டி இருக்கிற வீட்டில்தான் மாதா இருக்க வேண்டும் என்று அவளே போய்ச் சாமியாரிடம் சண்டை போடுகிறாளாம். மூத்தவள் பிடிவாதம் பிடித்து வாங்கிக்கொண்டாள் என்று ஊர் சொல்லட்டுமாம். பிளவு யாருக்கும் தெரிய வேண்டாம். "எனக்கு என்ன, பேசிட்டுப் போவட்டும்" என்றாள்.

நல்ல யோசனை. வியாபாரத்தில் இப்படி ஒரு பேரம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒத்துக்கொள்வேன். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நாளை சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

பூசை முடிந்து அறிவிப்பு வாசிக்கிற நேரத்தில் எழுந்தேன். அமலோற்பவம் இரண்டு பெஞ்சு முன்னால் இருந்தாள், சாமியாரிடம் பேசத் தயாராகச் சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நான் முந்திவிட்டேன்.

மாதா சுரூபம் கழுத்திலிருந்து நெஞ்சு வரை வெடித்திருக்கிறது என்றேன். ஏசி போட்டதும் நான், ஜன்னலை அடைத்ததும் நான், கருவாட்டு வாடை என்று நீங்கள் சிரித்ததற்காக அடைத்தேன் என்றேன். மூத்தவள் கண்டுபிடித்துச் சொல்லப் பார்த்தாள், நான் கேட்கவில்லை என்றும் சேர்த்துக்கொண்டேன். அதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது, மற்றதெல்லாம் இல்லை.

பவுலினாள் தரையைப் பார்த்தாள். பின்னால் யாரோ ஒருத்தி அழுதாள். படகுக்காரர்களில் ஒருவர், "மாதாவையும் கருவாடாக்கிட்டாளே" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் ஏன் சொன்னாய் என்று தொபியாஸ் கேட்டார். பாவத்துக்குப் பயந்து என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும். இங்கே எழுதுகிறேன்: எனக்காக அவள் பழி சுமந்து, அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்து, சாகிறவரைக்கும் அந்த முகத்தைத் தெருவில் பார்க்க வேண்டியிருந்திருக்கும். அதைவிட இது லேசு. சாவி அவளிடம் இருக்கட்டும். என் கெட்ட பேரையுமா அவளுக்குக் கொடுப்பேன்?

அக்டோபர் 18, சனி

தமயந்தி சொன்னபடி ஜன்னலை நாளுக்கு ஒரு கை அகலம் திறக்கிறேன். வாடை வருகிறது. யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை, ஏனென்றால் யாரும் வருவதில்லை.

அமலோற்பவம் வீட்டு ஓடுகளை என் களத்து ஆட்களை அனுப்பி முழுக்க மாற்றிவிட்டேன். மாதா நனையக் கூடாது என்பதற்காகத்தான்.

அக்டோபர் 26, ஞாயிறு

மாதா அமலோற்பவம் வீட்டுக்கே போய்விட்டாள். அறையில் கால் வைத்தால் எதிரொலிக்கிறது.

நவம்பர் 16, ஞாயிறு

மழை. ஒரு மீனும் காயவில்லை. தெற்கு அறையில் விசிறி போட்டு நெத்திலியைப் பரப்பலாம் என்றார் தொபியாஸ். அந்த அறையில் வேண்டாம் என்றேன்.

மழைக்கு ஒதுங்குகிற சாக்கில் அமலோற்பவம் வீட்டுக்குப் போனேன். அவள் முக்காட்டைத் தூக்கிக் காட்டினாள். பிளவில் இப்போது நகம்தான் போகும். "நீ அன்னைக்கே அமத்துனதாலதான்" என்றாள். சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். நன்றாக இருந்தது. அதுவும் ஓர் எரிச்சல்.

டிசம்பர் 20, சனி

கோயிலுக்குள் சுண்ணாம்புப் பூச்சு முடிந்தது. முட்டை ஓடு மாதிரி ஒரு வெள்ளை. அந்தக் கப்பல் கீறலை மட்டும் பூசாமல் விட்டிருக்கிறாள் தமயந்தி. காங்கிரீட்டை எடுத்துவிட்டு மேலே ஓடு போட்டிருக்கிறார்கள். சாளரம் வழியாகக் கடல் ஒரு துண்டு தெரிகிறது.

பிளவு ஒரு கோடாகிவிட்டது. அமலோற்பவம் வீட்டில் மாதாவின் தழும்பு ஆறிவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. புதுமையாம். வெளியூரிலிருந்து வேனில் வருகிறார்கள், மெழுகுதிரி ஏற்றுகிறார்கள், அவள் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள்.

ஈரம். வெறும் மழை ஈரம். பெருமழைக் காலத்தில் என் வாசல் கதவுகூடத்தான் உப்பிக்கொண்டு சாத்த முடிவதில்லை, அதற்கு யார் திரி ஏற்றுகிறார்கள்?

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். பவுலினாளிடம் மட்டும் சொன்னேன். அவள் நம்பவில்லை.

ஜனவரி 31, சனி

திருவிழாச் சேலை கட்டுகிற நாள். அமலோற்பவம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். போனேன். கதவைச் சாத்திவிட்டு என்னை உள்ளேயே நிற்கச் சொன்னாள். கை நடுங்குகிறது, கொசுவத்துக்கு ஊசி குத்த ஒரு ஆள் வேண்டும் என்றாள். நடுக்கம் எதையும் நான் பார்க்கவில்லை. ஊசி குத்திக் கொடுத்தேன். என் கொசுவம் அவளுடையதைவிட நேராக வந்தது. அவளும் அதைச் சொன்னாள்.

பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அது மட்டும் மாறவில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

சப்பரம் அமலோற்பவம் வாசலிலிருந்து புறப்பட்டது. நான் போகவில்லை. வருகிற வழியில் என் வாசலில் நின்று மெழுகுதிரி பிடித்தால் போதும் என்று நின்றேன். கொய்யாக் கிளை அப்படியே இருக்கிறது, வெட்டவில்லை. காலையில் மழை விட்டு வெயில் வந்ததால் களத்தில் சாளை போட்டிருந்தேன். திருவிழா அன்றைக்குமா என்றார் தொபியாஸ். மீன் நாள் பார்த்து நாறுவதில்லை என்றேன்.

தூக்குகிறவர்கள் தோள் மாற்றுவது எப்போதும் கொடிமரத் திருப்பத்தில்தான். அந்த இடம் அவரவர் அப்பன் காலத்திலிருந்து பழகியது. கொட்டு மேளம் என் வாசலைத் தாண்டிவிட்டது. சப்பரம் வாசலுக்கு நேராக வந்தது. முன்னால் பெட்டியைச் சுமந்து வந்த அமலோற்பவம் நின்றுவிட்டாள்.

"இங்கன தோள் மாத்துங்கப்பா" என்றாள்.

"இங்கனயா? கொடிமரம் அங்கல்லா இருக்கு" என்றார் ஒருவர்.

"தோளு வலிக்கிற எடத்துலதான மாத்தணும். வலிக்குதுல்லா? இறக்குங்க."

இறக்கினார்கள். என் வாசலில், கொய்யாக் கிளைக்குக் கீழே. மேளம் திரும்பி வந்தது. கூட்டம் முழுக்க நின்றது. களத்துப் பக்கமிருந்து காற்று வந்தது, சாளை வாடையோடு. பவுலினாள் எனக்கு நேர் எதிரே நின்றாள். என்னைப் பார்த்தாள், பிறகு மாதாவைப் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள்.

அமலோற்பவம் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சப்பரத்தின் மேல் கையை நீட்டி, மாதாவின் முக்காட்டைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். கோடு தெரிந்தது. கழுத்தில் மெல்லிசாக, வெயிலில். எல்லாரும் பார்த்தார்கள்.

"கொஞ்சம் காத்து வாங்கட்டும்" என்றாள்.

அதுவும் அவளுக்குத்தான் தோன்றியது. என் வாசல், என் களத்துக் காற்று, நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.